பொடிப்பனியில் மேலேறும் கோணம்

பொடிப்பனியில் நின்றுவிட்ட ஸ்னோமொபைலைப் புதைப்பது பெரும்பாலும் அதன் சொந்த எஞ்சின்தான். ஓட்டுபவர் பெருவிரலால் த்ராட்டிலை அழுத்துகிறார். 150 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின் உறுமுகிறது. ட்ராக் எனப்படும் ரப்பர் பட்டை சுழன்று, அடியிலிருக்கும் பனியை வாரிப் பின்னால் வீசுகிறது. வண்டியின் வால் இறங்குகிறது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது, சில நொடிகளில் இடுப்பளவுக் குழி. அதே சரிவில், அதே எடையும் அதே எஞ்சினும் கொண்ட இன்னொரு வண்டி நின்ற இடத்திலிருந்தே கிளம்பி, இரண்டு வண்டி நீளத்துக்குள் பனியின் மேல் ஏறிப் போய்விடும். ஓட்டுபவரின் திறமையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், வேறுபாடு பல சமயம் பின்பக்க சஸ்பென்ஷனில்தான் இருக்கும். அங்கே ஒரு போல்ட் எந்தத் துளையில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதே கூடக் காரணமாக இருக்கலாம்.

சஸ்பென்ஷன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குண்டும் குழியுமான சாலையும் இடுப்பு வலியும்தான். கெட்டித்த பனிப்பாதையில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் அது பொருந்தும். ஆனால் நேற்றிரவு பெய்து, இன்னும் யாரும் கால் வைக்காத பனியில் தூக்கிப்போடும் மேடு எதுவும் இல்லை. அங்கே பின்பக்க சஸ்பென்ஷனின் முதல் வேலை, ட்ராக் எந்தச் சாய்வில் பனியைச் சந்திக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. சொகுசெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கலை முதிர்ந்த இடங்களில் ஒன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள ரெவல்ஸ்டோக். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மொனாஷி, செல்கிர்க் மலைத்தொடர்களில் முட்டித் தன் சுமையை இங்கே இறக்கிவைக்கிறது. ஊருக்கு அருகிலுள்ள மவுண்ட் கோப்லண்டில் 1971-72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கும் அதிகமான பனி பெய்தது. ஒரே பருவத்தில் கனடாவில் பதிவான மிக அதிக அளவு அது. போல்டர் மலைக்கும் ஃப்ரிஸ்பி ரிட்ஜுக்கும் வண்டிகளை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வெகு தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தேடி வருவது இந்த ஆழமான பொடிப்பனியைத்தான்.

அந்தப் பொடிப்பனி எப்படிப்பட்ட பொருள் என்று முதலில் பார்த்துவிடுவோம். புதிதாக விழுந்த பனியில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரைதான் பனிக்கட்டி இருக்கும். இடைவெளியே இல்லாத முழுப் பனிக்கட்டி என்றால் 917 கிலோ. ஆக, கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. படிகங்களின் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்லச் சாய்ந்திருக்கின்றன. இறுக்கமான பிணைப்பு கிடையாது. எடை வைத்தால் கிளைகள் முறிகின்றன, காற்று வெளியேறுகிறது, துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்கள் பெருகுகின்றன. அடர்த்தி ஏற ஏறப் பனி தாங்கும் சுமையும் ஏறுகிறது. 80 கிலோ அடர்த்தியுள்ள பனி 320 கிலோவாக நெருங்க வேண்டுமானால், ஒரு மீட்டர் தடிமன் 25 சென்டிமீட்டராகச் சுருங்க வேண்டும். மிச்சமுள்ள 75 சென்டிமீட்டரும் வண்டி இறங்கும் ஆழம்தான்.

நெருக்கப்பட்ட பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. பனிக்கட்டித் துகள்கள் எப்போதும் தம் உருகுநிலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தொட்ட மாத்திரத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். அழுத்திய பனியைச் சில நிமிடங்கள் அப்படியே விட்டால் அது இறுகிக் கெட்டிப்படும். சிக்கிய வண்டியை மீட்கிறவர்களில் அனுபவசாலிகள், முன்னாலுள்ள பனியைக் காலால் மிதித்துப் பாதை போட்டுவிட்டு, உடனே கிளப்பாமல் காத்திருப்பது இதனால்தான். பதற்றத்தில் அந்தச் சில நிமிடங்களை விட்டுக்கொடுக்காதவர்கள் மறுபடியும் மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டிவரும்.

வாகனம் எவ்வளவு இறங்கும் என்பதைச் சமன்பாடாக எழுதியவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மியெச்சிஸ்வாஃப் பெக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவுக்கு வந்து ராணுவ வாகனங்களை ஆராய்ந்தவர். நிலத்தில் ஓடும் வாகனங்களின் இயக்கவியலைப் பற்றி 1956-ல் புத்தகம் வெளியிட்டார். அப்போலோ வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியின் உருவாக்கத்திலும் பின்னாளில் அவருக்குப் பங்கு உண்டு. மணலோ சேறோ பனியோ, மேலிருந்து கொடுக்கும் அழுத்தத்துக்கும் இறங்கும் ஆழத்துக்கும் உள்ள உறவை அவர் வரையறுத்தார். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். முன்னேறும் ஒவ்வோர் அடிக்கும், ட்ராக்கின் அகலத்துக்குப் பனியை நெருக்கித் தள்ளும் வேலையை எஞ்சின் செய்தாக வேண்டும். குழி இரண்டு மடங்கு ஆழமானால் அந்த வேலை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். மலைமேல் எஞ்சினிடம் கேட்கக்கூடியதும் குறைவு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

இறங்காமல் இருக்க எளிய வழி, எடையைப் பரப்பிவிடுவது. வண்டி 230 கிலோ, குளிருடையும் முதுகுப்பையும் சேர்த்து ஓட்டுபவர் 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 165 அங்குலம் சுற்றளவுள்ள ட்ராக்கில் ஏறத்தாழ 1.7 மீட்டர் தரையில் படியும். அகலம் 40 சென்டிமீட்டர். முழு எடையும் ட்ராக்கின் மேல் என்று கொண்டாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 47 கிராம்தான் வருகிறது. அதே ஓட்டுபவர் கீழே இறங்கி ஒற்றைக் காலில் நின்றால் இதைப்போல ஐந்து, ஆறு மடங்கு அழுத்தம். வண்டியிலிருந்து குதித்தவர் மார்பு வரை புதைந்து போவதும், அருகில் வண்டி மேலேயே நிற்பதும் அதனால்தான். 1990-களில் மலை வண்டிகளுக்கு 136 அங்குல ட்ராக்கே நீளமானது. இன்று 154, 165, 175 என்று போய்விட்டது. பனியைக் கவ்வும் ரப்பர்த் துடுப்புகளும் 3 அங்குலம் வரை வளர்ந்துவிட்டன.

நீளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பி, சரியாக அமைக்கப்படாத 154 அங்குல வண்டியை விற்றுவிட்டு 175 அங்குல வண்டி வாங்குகிறவர்கள் உண்டு. மேலே போட்ட 47 கிராம் கணக்கு, ட்ராக் முழுவதும் சமமாகப் படிந்திருந்தால் மட்டுமே செல்லும். வால் அமிழ்ந்து மூக்கு தூக்கிய வண்டியில் பின்பாதி மட்டும் சுமை தாங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய நீளத்தில் பாதி அந்தரத்தில் தொங்குகிறது.

இனி ட்ராக்கின் உள்ளே போவோம். தொடக்க கால ஸ்னோமொபைல்களில் ட்ராக்குக்குள் சிறு சக்கரங்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப்-ஆர்மாண்ட் பொம்பார்டியே 1937-ல் காப்புரிமை பெற்ற பல்சக்கர–ரப்பர் பட்டை அமைப்பும், 1959-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூவும் இந்த வாகனத்துக்கு அடித்தளம் போட்டவை. சக்கரங்களின் இடத்தை 1960-களின் இறுதியிலிருந்து மெல்ல மெல்லச் சறுக்கு ரெயில்கள் பிடித்தன. இரண்டு நீண்ட அலுமினிய ரெயில்கள். அவற்றின் அடியில் வழவழப்பான, தேய்மானம் குறைந்த பிளாஸ்டிக் பட்டைகள். அவற்றின் மேல் ட்ராக் வழுக்கி ஓடுகிறது. உராய்வுச் சூட்டைத் தணிப்பதும் பனிதான்.

இந்த ரெயில்களை வண்டியின் உடலோடு, அதாவது டனல் எனப்படும் கவிழ்ந்த அலுமினியக் கூட்டோடு, இரண்டு ஆர்ம்கள் இணைக்கின்றன. முன் ஆர்ம் டனலில் முன்பக்கமாகத் தொடங்கிப் பின்னோக்கிச் சாய்ந்து ரெயிலில் இறங்குகிறது. பின் ஆர்ம் ரெயிலின் பின்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ஷாக் அப்சார்பரும் உண்டு. முன் ஆர்ம் கீழே எவ்வளவு தூரம் தொங்கலாம் என்பதற்கு எல்லை போடும் ஒரு தடித்த நாடாவும் இருக்கிறது. அதன் பெயர் லிமிட்டர் ஸ்ட்ராப். விலை மலிவான, அழுக்குப் பிடித்த, யாரும் திரும்பிப் பார்க்காத உறுப்பு. பொடிப்பனியில் வண்டியின் குணத்தை மாற்ற ஒரே ஓர் உறுப்பில்தான் கைவைக்கலாம் என்று யாராவது சொன்னால், நான் தொடுவது அதைத்தான்.

காரணம் கோணம். ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரம் டனலின் முன்பகுதியில் உயரமாக இருக்கிறது. ரெயில்களின் முன்நுனி அதற்குக் கீழே, சற்றுப் பின்னால். பல்சக்கரத்திலிருந்து ரெயில்நுனி வரை ட்ராக் சாய்வாக இறங்குகிறது. வண்டியின் முன்னாலிருக்கும் ஸ்கீக்கள், அதாவது திசைதிருப்பும் சறுக்குப் பலகைகள், பிளந்துவிட்ட பனியை முதலில் எதிர்கொள்வது இந்தச் சாய்ந்த பகுதிதான். பனி அதன் மேல் செங்குத்தாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் ஒரு பங்கு வண்டியை மேலே தூக்குகிறது. இன்னொரு பங்கு பின்னே தள்ளுகிறது. சாய்வு 15 பாகையாக இருந்தால், 100 கிலோ அளவு தூக்குவிசை கிடைக்க 27 கிலோ எதிர்ப்பைத் தாங்கினால் போதும். 30 பாகையில் அது 58 கிலோ ஆகிறது. 45 பாகையில் இரண்டும் சமம்: வண்டி பனியின் மேல் ஏறுவதை விட்டுவிட்டுப் பனிச்சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு கிளம்பும்போது இதே கட்டங்களைக் கடக்கிறது. முதலில் மூக்கு தூக்கும், பின்பக்கம் அமிழும், எஞ்சின் திணறும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் படகு தட்டையாகி நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். ஸ்னோமொபைலுக்கும் கடினமான கட்டம் அந்தத் தொடக்கம்தான். ஓடத் தொடங்கிவிட்டால் வேகமே உதவிக்கு வரும். ஓர் இடத்துப் பனி ட்ராக்கின் அடியில் இருக்கும் நேரம், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முக்கால் நொடிக்கும் மேல். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு நொடி. அந்த இடைவெளிக்குள் பனியிடுக்கில் மாட்டிய காற்று முழுவதும் தப்பிவிட முடியாது. அதுவும் சேர்ந்து சுமையைத் தாங்கும். பனியில் சறுக்கும் பலகைகளை இப்படிச் சிக்கிய காற்றும் தாங்குகிறது என்பதை நியூயார்க் சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2004-ல் விளக்கினார்கள். நீண்ட ட்ராக்குக்கும் அந்த இயற்பியல் ஓரளவு பொருந்தும். ஆனால் வேகம் பிடிப்பதற்கு முன் புதைந்துவிட்டால் இந்த உதவி எதுவும் கிடைக்காது.

த்ராட்டிலை அழுத்தியதும் மூக்கு ஏன் தூக்குகிறது? எடை பின்னால் சாய்கிறது என்பது பாதிப் பதில்தான். பனி ட்ராக்கைப் பிடித்து முன்னே தள்ளும்போது, அந்த விசையின் பெரும்பகுதி ரெயில்கள் வழியாக ஆர்ம்களில் ஏறித்தான் வண்டியின் உடலுக்குப் போகிறது. முன் ஆர்ம் முன்னோக்கி மேலே சாய்ந்திருப்பதால், அதன் வழியே போகும் தள்ளல் வண்டியை முன்னே தள்ளுவதோடு மேலேயும் தூக்குகிறது. 100 கிலோ உந்துவிசை முழுவதும் அதன் வழியாகவே போவதாகக் கொண்டால், ஆர்ம் தரைக்கு 20 பாகையில் இருக்கும்போது மேலே தூக்கும் பங்கு 36 கிலோ. 30 பாகையில் 58 கிலோ. ட்ராக்கின் மேற்புறம் இழுபட்டுப் பின் அச்சைப் பல்சக்கரத்தை நோக்கி இழுப்பதால், பின் ஆர்ம் மடங்கி வால் அமிழ்கிறது. முன்னே தூக்கலும் பின்னே அமிழ்தலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கெட்டியான பாதையில் இது நல்லது. எடை ட்ராக்குக்குப் போய்ப் பிடிப்பு கூடும். ஆழமான பனியில் இதே எடைமாற்றம் அளவு மீறினால் வண்டி தனக்குத்தானே குழி பறித்துக்கொள்கிறது.

லிமிட்டர் ஸ்ட்ராப் இந்த இரண்டு கோணங்களையும் ஒரே அடியில் மாற்றுகிறது. நாடாவைச் சுருக்கினால் முன் ஆர்ம் தட்டையாகும். தூக்கும் பங்கு குறையும். ரெயிலின் முன்நுனி டனலை நோக்கி மேலே வருவதால் ட்ராக் பனியைச் சந்திக்கும் சாய்வும் தணியும். வண்டி பனியைத் தள்ளாமல் அதன் மேல் ஏறப் பார்க்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்கீக்கள் தரையை விட்டுவிடாமல் இருக்கும். நாடாவை நீட்டினால் எல்லாம் தலைகீழ்: மூக்கு லேசாகும், ஸ்கீக்களைத் தூக்கி விளையாட்டுக் காட்டலாம், பாதையில் ஹேண்டில்பார் இலகுவாகத் திரும்பும், ஆனால் பொடிப்பனியில் கிளம்பும்போது குழி ஆழமாகும்.

செய்யும் முறை எளிது. வண்டியின் பின்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் ரெயில்கள் தம் எடையில் தொங்கும். நாடா விறைப்பாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதன் முனையில் வரிசையாகத் துளைகள். கீழுள்ள போல்டைக் கழற்றி, ரெயிலின் முன்பகுதியைக் கையால் சற்று உயர்த்தி, அடுத்த துளையில் மாட்டிப் புது நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு நாடாக்கள் இருந்தால் இரண்டும் ஒரே எண்ணிக்கைத் துளையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று மட்டும் இழுபட்டு அறுந்துபோகும். ரெயிலின் நிலை மாறியதால் ட்ராக்கின் இறுக்கத்தையும் உடனே பார்த்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு துளை போதும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் முன் ஷாக் நீண்டு மடங்கும் தூரம் குறைந்து, திரும்பும் வழியில் மேடுகள் முதுகெலும்பில் இடிக்கும். ஸ்கீக்களின் மேல் எடை ஏறி, அவையே பனிக்குள் மூழ்கப் பார்க்கும்.

அடுத்தது முன் ஆர்மின் ஸ்பிரிங். இதை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைக்கிறோம் என்பதைத்தான் பிரீலோட் என்கிறார்கள். இந்த ஸ்பிரிங் விறைத்து நின்றால் ரெயிலின் முன்பகுதியைப் பனிக்குள் குத்தித் தள்ளும்; வண்டியின் எடை அந்த ஒரு புள்ளியில் ஊன்றி நிற்கும்; ஸ்கீ லேசாகும். நாடாவை நீட்டியதற்கு ஒப்பான விளைவு. ஆகவே நாடாவைச் சுருக்கிவிட்டு இந்த ஸ்பிரிங்கை இறுக்குவது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது. பொடிப்பனிக்கு இது மிருதுவாக இருப்பதே நல்லது. ஒரு குழியில் விழுந்தால் அடிவரை போய் இடிக்காத அளவு விறைப்பு மட்டும் வேண்டும்.

பின் ஸ்பிரிங்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். மிருதுவான பனிக்கு மிருதுவான ஸ்பிரிங் என்று காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிருதுவான பின் ஸ்பிரிங் கொண்ட வண்டி, நிற்கும்போதே வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். நாடாவைச் சுருக்கிப் பெற்ற நல்ல கோணம் முழுவதையும் அது தின்றுவிடும். அதற்காக ஓட்டுபவர் ஏறியும் அசையாத அளவுக்கு விறைக்கவும் கூடாது. அப்போது பின்பகுதிக்கு எடையே வராமல், ஸ்கீக்கள் சுமந்து மூழ்கும். சரிவில் பிடிப்பு போய்விடும்.

இதை அளந்தே தீர்மானிக்கலாம். பின் பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷனை முழுதாக நீட்டி, தரையிலிருந்து பம்பர் வரை டேப்பால் அளந்துகொள்ள வேண்டும். பிறகு ஓட்டுபவர் மலைக்குப் போகும்போது எப்படிப் போவாரோ அப்படியே ஏறி, ஓட்டும் நிலையில் நிற்க வேண்டும். பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பை, மண்வெட்டி, டேங்க் நிறையப் பெட்ரோல் எல்லாம் அதில் சேர்ந்தவை. இரண்டு முறை மெல்ல அமுக்கிவிட்டு, இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி இறங்கிய அளவு. பின் சஸ்பென்ஷன் மொத்தம் இறங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இது இருப்பது வழக்கமான தொடக்கம். வண்டியோடு வந்த கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. 60 கிலோ எடையுள்ளவரும் 110 கிலோ எடையுள்ளவரும் ஒரே ஸ்பிரிங்கில் ஓட்ட முடியாது. பிரீலோடைக் கடைசி வரை திருகியும் வண்டி அதிகம் இறங்குகிறது என்றால், கனமான ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். மேலும் மேலும் திருகிப் பயனில்லை.

ஷாக் அப்சார்பரின் வேலை வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ஸ்பிரிங் எவ்வளவு இறங்கும் என்று சொல்கிறது. ஷாக் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று சொல்கிறது. பின் ஷாக்கின் மெதுவேக அழுத்தத் தடையைச் சற்றுக் கூட்டினால், த்ராட்டில் கொடுத்ததும் வால் சட்டென்று அமிழாது. கிளம்பும் அந்த முதல் இரண்டு நொடிகளில் வண்டி தட்டையாக இருக்க அது போதும். மீளும் வேகத்தை மிகவும் மந்தமாக்கினால் அடுத்தடுத்து வரும் அலைகளில் சஸ்பென்ஷன் நிமிர நேரமில்லாமல் தாழ்ந்துகொண்டே போகும்.

உலோக ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ஷாக்குகளும் மலை வண்டிகளில் உண்டு. எடை குறைவு, சிறு பம்ப் ஒன்று போதும். அவற்றில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. 20 டிகிரி சூடான கொட்டகையில் 100 பிஎஸ்ஐ அடைத்துவிட்டு, காலையில் மைனஸ் 20 டிகிரி மலைக்குப் போனால் அதே ஷாக்கில் ஏறத்தாழ 84 பிஎஸ்ஐதான் காட்டும். தனி வெப்பநிலை 293 கெல்வினிலிருந்து 253-க்கு இறங்கியதன் விளைவு அது. மலையுயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ திரும்பக் கிடைக்கும். ஆனாலும் வால் தாழ்ந்த வண்டியோடுதான் நாள் தொடங்கும். ஆகவே காற்று ஷாக்கை மலையடிவாரத்தில், வண்டி வெளியில் குளிர்ந்த பிறகு நிரப்புவதே முறை.

முன் ஆர்மும் பின் ஆர்மும் ஒன்றையொன்று எவ்வளவு கட்டுப்படுத்த வேண்டும் என்பது இன்னொரு விஷயம். பாதை வண்டிகளில் ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்று மடங்கினால் மற்றதும் சேர்ந்து மடங்கும்படி கட்டைகள் வைத்து இணைத்திருப்பார்கள். வேகமாகக் கிளம்பும்போது மூக்கு அதிகம் தூக்காமல் அது தடுக்கும். மலை வண்டிகளில் இந்தப் பிணைப்பு மிகவும் தளர்வாக இருக்கும். போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்எம்கே போன்றவற்றில் இல்லவே இல்லை. இரண்டு ஆர்ம்களும் தனித்தனியே அசைந்தால் மரக்கட்டைகளையும் மேடுகளையும் தாண்டுவது எளிது. பிணைப்பு இல்லாத அந்தச் சுதந்திரத்துக்கு விலையாகத்தான் நாடாவும் ஸ்பிரிங்கும் துல்லியமாக இருக்க வேண்டியிருக்கிறது.

சரிவின் குறுக்கே ஓட்டுவது மலை ஓட்டத்தின் பெரும்பகுதி. அங்கே வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். 16 அங்குல அகலமுள்ள தட்டையான ட்ராக் அதை எதிர்க்கும். ஸ்கீ-டூ தன் டிமோஷன் அமைப்பில் பின் ஆர்மைக் குண்டு மூட்டில் பொருத்தி, ரெயில்கள் உடலிலிருந்து தனியாகச் சற்றுத் திரும்பும்படி செய்தது. ஆர்க்டிக் கேட் நிறுவனம் 2019 மாடலில் கொண்டுவந்த ஆல்ஃபா ஒன் இன்னும் துணிந்து, இரண்டு ரெயில்களை எடுத்துவிட்டு நடுவில் ஒற்றை ரெயிலை வைத்தது. ட்ராக்கின் ஓரங்கள் சரிவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கின்றன. இரண்டுமே அழகான பொறியியல். இவற்றிலும் லிமிட்டர், ஸ்பிரிங், கோணம் பற்றிய கணக்கு மாறுவதில்லை.

அமைப்பு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டி விட்டுச் சென்ற தடத்தைப் படிக்க வேண்டும். சமதளத்தில், புதுப்பனியில், வண்டியை முழுதாக நிறுத்திவிட்டு, த்ராட்டிலை ஒரே சீராகக் கொடுத்துக் கிளம்ப வேண்டும். முப்பது மீட்டர் போய் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து பார்த்தால், நின்றிருந்த இடத்தில் தொடங்கும் பள்ளத்தின் தரை, நீளவாக்கில் மெல்ல மெல்ல உயர்ந்து மேல்மட்டத்தை நெருங்கியிருந்தால் கோணம் நன்றாக இருக்கிறது. தொடக்கத்தில் ஆழமான கிண்ணமும் அதன் முன்னால் செங்குத்தான படியும் இருந்தால், ட்ராக் பனியைத் தோண்டித்தான் கிளம்பியிருக்கிறது. நாடாவை ஒரு துளை சுருக்கி, தொடாத பனியில் மறுபடி கிளம்ப வேண்டும். ஸ்கீத் தடங்கள் ட்ராக் தடத்தை விட ஆழமாக இருந்தால் எதிர்த்திசையில் அதிகம் போய்விட்டோம். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். அன்றைய பனியின் தன்மையையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நாடாவும் இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே நாளில் மாறிவிட்டால், எது எதைச் செய்தது என்று பிறகு பிரித்தறிய வழியே இல்லை.

எல்லாக் கருவிகளையும் விட வேகமாகச் சரிசெய்யக்கூடியது ஓட்டுபவரின் உடல். 320 கிலோ மொத்த எடையில் 90 கிலோ அவருடையது. அவர் கால்பலகையில் 30 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் மொத்த எடைமையமும் 8 சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வரும். கிளம்பும் கணத்தில் எழுந்து முன்னே நிற்பதும், த்ராட்டிலை முழுதாகத் திறக்காமல் ட்ராக் பனியைக் கவ்வும் அளவுக்கு மட்டும் கொடுப்பதும், எந்தத் துளை மாற்றத்துக்கும் சளைத்தவையல்ல. பனி தாங்கும் அளவைத் தாண்டி ட்ராக் சுழன்றால் துடுப்புகள், தாம் நெருக்கிக் கெட்டிப்படுத்திய பனியையே பிய்த்து எறிந்துவிடும்.

சரியாக அமைந்த வண்டி முன்பு எட்ட முடியாத சரிவுகளுக்கு ஓட்டுபவரைக் கொண்டுபோய்விடும். இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். பனிச்சரிவுகள் பெரும்பாலும் தொடங்குவது 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில். மலை ஸ்னோமொபைல்கள் விரும்பி ஏறுவதும் அவற்றில்தான். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில், வண்டிகள் ஏறுவதைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் மேல் பனிச்சரிவு விழுந்து இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீள்கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும். வண்டியில் கட்டிவைத்தால் வண்டியோடு போய்விடும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்க ஆகும் நேரம், ஒரு போல்டைக் கழற்றி மாட்டும் நேரத்தை விடக் குறைவு. ஏறும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சரிவில் இருக்க வேண்டும். மற்றவர்கள் பனிச்சரிவின் ஓட்டப்பாதைக்கு வெளியே, கீழே அல்ல, பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தும் முன் ட்ராக்கின் உள்ளே அடைந்திருக்கும் பனியைத் தட்டிவிடுவது நல்லது. எஞ்சின் சூட்டில் சற்று உருகி, இரவில் மறுபடி உறைந்தால், ஆர்ம்களுக்கிடையே கிலோக்கணக்கில் பனிக்கட்டி சேரும். காலையில் சஸ்பென்ஷன் அசையவே அசையாது. அளந்து வைத்த எண்கள் எல்லாம் வீண். ஏப்ரல் வந்து, பகலில் உருகி இரவில் உறைந்த பனி ஒரு கன மீட்டருக்கு 300, 400 கிலோ என்று கெட்டிப்பட்டதும், ஜனவரிக்காகச் சுருக்கிய நாடா ஹேண்டில்பாரைக் கனக்க வைக்கும். அப்போது ஒரு துளை திரும்ப நீட்டிவிட்டு, முன் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கிக்கொள்கிறார்கள்.